பழி வாழைக்காய் மேல், பாவம் வெங்காயம் மேல்

எனக்கு ஐ.பி.எஸ். என்று சொன்னால் "எந்த ஊர்லீங்க போஸ்டிங்?" என்று கேட்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது. நான் போலீஸ் இல்லை, கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். என்னுடையது குடல் ஐ.பி.எஸ்., இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்கிற எரிச்சல் குடல் நோய். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை, ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் சாயங்காலம் நாலு மணியானால் வயிறு பொருமி, பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தி, கடைக்குப் பின்னால் இருக்கிற கக்கூஸுக்கு ஓடுகிற கேஸ்.

ஆரம்பித்தது 2022-ல். ஒரு கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில் ஏதோ ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. அது நின்றது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. குடல் தொற்று வந்து போன பிறகு சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் முதலில் கேட்டதெல்லாம் வேறு: மலத்தில் ரத்தம் போகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியா, ரத்தசோகை உண்டா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா. எனக்கு எதுவும் இல்லை. உங்களுக்கு இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்துவிட்டு சமையலறைக்குப் போகாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படுகிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார், அது முடிகிறவரை கோதுமையை நிறுத்தக்கூடாது என்றார், நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடுமாம். வந்தது நார்மல்தான்.

சரி, எதைச் சாப்பிட்டால் வருகிறது? இதற்கு வீட்டில் ஆளாளுக்கு ஒரு பட்டியல். அம்மா: உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, கொத்தவரங்காய் வாயு, மொச்சை சொல்லவே வேண்டாம். வாயுவுக்கு மருந்து பூண்டு. அதனால் இரண்டு மாதம் உருளையும் வாழைக்காயும் வீட்டுப்பக்கமே வரவில்லை, தினமும் பூண்டு ரசம், ராத்திரி பத்துப் பல் பூண்டைப் பாலில் வேகவைத்து ஒரு டம்ளர். அந்த இரண்டு மாதம்போல மோசமான காலம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, வலி பத்துக்கு எவ்வளவு. கடையில் ஜாப் எழுதுகிற நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுதினேன். ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரை. ஐப்பசியில் உட்கார்ந்து புரட்டியபோது சாயங்கால வலி 0, 1 என்று போட்டிருந்த நாட்களை மட்டும் தனியே எடுத்து தினசரி காலண்டரோடு ஒப்பிட்டேன். ஆடி அமாவாசை. மகாளய அமாவாசை. புரட்டாசியில் நாலு சனிக்கிழமை. எல்லாம் விரத நாள்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "பெருமாள் பாத்துக்கறாரு கண்ணு" என்றார். எனக்குப் பொறி தட்டியது வேறு இடத்தில். அமாவாசைக்கு எங்கள் வீட்டில் வாழைக்காய் இல்லாமல் படையல் கிடையாது. அதாவது வாயு என்று ஒதுக்கி வைத்த அதே வாழைக்காயை அமாவாசைக்கு அமாவாசை இரண்டு கரண்டி சாப்பிட்டிருக்கிறேன், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் சேர்த்து. அன்று ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மற்ற நாளில் இருந்து, விரத நாளில் இல்லாமல் போகிற பொருள் எது? வெங்காயம், பூண்டு. வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. விரத நாளன்று காலையில் வலி இருந்திருக்கிறது, மத்தியானத்துக்கு மேல்தான் அடங்கியிருக்கிறது. மறுநாள் விரதம் முடிந்து வழக்கமான சாப்பாடு, ஆனால் மறுநாள் காலை முழுக்க வயிறு சும்மா இருந்திருக்கிறது. அதாவது அமைதியான நேரம் விரதத்தோடு நேருக்கு நேர் பொருந்தாமல் அரை நாள் தள்ளித் தள்ளி வந்திருக்கிறது. சாப்பிட்டது பெருங்குடலுக்குப் போய்ச் சேர நாலைந்து மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும், வயிற்றைப் பொருமவைக்கிற வேலை அங்கேதான் நடக்கிறது. நாலு மணிக்கு வலித்தபோதெல்லாம் நான் மத்தியானச் சாப்பாட்டில் இருந்த உருளைப் பொரியலைத் திட்டியிருக்கிறேன், காலை எட்டு மணிக்கு இட்லிக்குத் தொட்டுக்கொண்ட சின்ன வெங்காயச் சட்னியை யாரும் சந்தேகப்படவே இல்லை.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டு, இதற்கு ஒரு முறையே இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, ஃபாட்மேப் என்று பெயர் என்று சொல்லி ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிற சில வகைச் சர்க்கரைகளுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருப்பது ஃபிரக்டான். ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரையைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. அந்தக் கண்ணியை அறுக்கிற நொதி மனிதர் யாருக்குமே கிடையாது, எனக்கு மட்டும் இல்லாமல் போனதல்ல. பெருங்குடலில் இருக்கிற பாக்டீரியா அதைத் தின்று வாயுவாக்குகிறது, இந்த வகைச் சர்க்கரைகள் போகிற வழியில் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கின்றன. இது எல்லார் வயிற்றிலும் நடக்கிறது, எனக்கு மட்டும் குடல் நரம்பு அதை வலியாக எடுத்துக்கொள்கிறது. மோட்டாரைக் காப்பாற்றுகிற ஓவர்லோட் ரிலேயை ரொம்பக் குறைவாக செட் பண்ணிவிட்டால் மோட்டார் நல்லா இருந்தும் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பூண்டுப்பால் கணக்கைப் பாருங்கள். பூண்டில் ஃபிரக்டான் கொட்டிக்கிடக்கிறது, பாலில் இதே பட்டியலில் வருகிற லாக்டோஸ் என்கிற பால்சர்க்கரை. வாயுவுக்கு மருந்து என்று வாயுவுக்கான மூலப்பொருளையே டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். மொச்சை விஷயத்தில் அம்மா சொன்னது சரி, பயறு வகைகளில் இருக்கிற காலக்டான் என்கிற இன்னொரு சங்கிலியையும் நம்மால் அறுக்க முடியாது. உருளைக்கிழங்கில் இந்தச் சர்க்கரைகள் பேருக்குத்தான் உண்டு. பாவம், இரண்டு மாதம் தள்ளிவைத்திருந்தேன்.

முறை இதுதான்: இரண்டிலிருந்து ஆறு வாரம் இந்தச் சர்க்கரை அதிகமுள்ள எல்லாவற்றையும் நிறுத்துவது, வயிறு அடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து சோதிப்பது, கடைசியில் தனக்கு எது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அதன்படி சாப்பிடுவது. வைண்டிங் வேலையில் முதலில் கற்றுக்கொள்கிற பாடமும் அதுதான். மோட்டார் முக்கிக்கொண்டு நின்றால் கெபாசிட்டரையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டு ஓடவைத்தால் பழுது எதில் என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. முதல் கட்டத்திலேயே நின்றுவிடக்கூடாது என்று டயட்டீஷியன் இரண்டு முறை அழுத்திச் சொன்னார், குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் இதே சர்க்கரைதான் சாப்பாடு, ரொம்ப நாள் பட்டினி போட்டால் அதுவும் குறைந்துபோகும்.

நான் நாலு வாரம் நிறுத்தினேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பயறு, காலிஃப்ளவர், காளான், பச்சைப் பட்டாணி எல்லாம் வெளியே. உள்ளே கேரட், வெண்டைக்காய், கத்தரிக்காய், பீன்ஸ், உருளை, புடலை, பீர்க்கு. சிங்காநல்லூர் உழவர் சந்தையில் வாரம் இரண்டு முறை வாங்கி, கடையில் காப்பர் ஒயர் எடை போடுகிற டிஜிட்டல் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து (நன்றாகக் கழுவித் துடைத்துத்தான்) எடை போட்டுச் சமைத்தோம். எடை எதற்கு என்றால், காய் நல்லதா கெட்டதா என்பது பாதிதான், மீதி அளவு. பீன்ஸ் 75 கிராம் வரைக்கும் சாது, அதையே ஒரு தட்டு நிறையப் போட்டால் அதில் இருக்கிற சார்பிட்டால், அதுவும் ஃபாட்மேப் பட்டியலில் வருவதுதான், வேலையைக் காட்டும். முட்டைக்கோஸும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் பொரியல் செய்து "இரண்டும் அனுமதித்த காய்தானே" என்று ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டுப் பட்டபிறகுதான் கூட்டல் கணக்கு புரிந்தது.

முதல் வாரமே கோட்டை விட்டது குழம்பில்தான். என் மனைவி எல்லாருக்கும் ஒரே குழம்பு வைத்து, எனக்கு ஊற்றும்போது சின்ன வெங்காயத்தை எல்லாம் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றினார். "ஒண்ணுகூட இல்லீங்க, பாருங்க" என்று தட்டைக் காட்டினார். உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் நோட்டில் எழுதியது: "7/10. பெல்ட் கழற்றியாச்சு." ஃபிரக்டான் தண்ணீரில் கரையும். கொதிக்கிற குழம்பில் வெங்காயத்திலிருந்து கரைந்து இறங்கிவிட்ட பிறகு வெங்காயத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது, டீயை வடிகட்டிவிட்டு அது வெந்நீர்தான் என்று சொல்வது மாதிரி.

ஆனால் அது எண்ணெயில் கரையாது. இந்த ஒரு வரிதான் எங்கள் சமையலறையைக் காப்பாற்றியது. பூண்டின் வாசம் எண்ணெயில் இறங்கும், ஃபிரக்டான் இறங்காது. அதனால் செய்முறை இப்படி: வாணலியில் நாலு ஸ்பூன் நல்லெண்ணெய், அதில் ஆறு பல் பூண்டை லேசாக நசுக்கிப் போட்டு மிகச் சிறு தீயில் வைக்கணும். சடசடவென்று பொரியக்கூடாது, பல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் மட்டும் வரணும். ஓரம் பொன்னிறமாகத் திரும்புகிற நேரத்தில் அடுப்பை அணைத்து, ஸ்டீல் வடிகட்டியில் ஊற்றி, துணுக்கு ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட்டு, அப்புறம் அந்த எண்ணெயைத் திரும்ப வாணலியில் விட்டுக் கடுகு, சீரகம், கறிவேப்பிலை. நான் முதல் தடவை அவசரத்தில் பூண்டு எண்ணெயில் இருக்கும்போதே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டேன், ஊற்றிய பிறகு பூண்டைப் பொறுக்கினேன். தண்ணீர் பட்ட நொடியே கதை முடிந்தது, அன்றைக்கும் 6. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி வெளியே அலமாரியில் வைக்காதீர்கள், காற்றில்லாத எண்ணெய்க்குள் ஆபத்தான கிருமி வளர வாய்ப்புண்டு. நாங்கள் அன்றன்றைக்கு மட்டும்தான் செய்கிறோம்.

வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாள். பச்சை மட்டும், கீழே இருக்கிற வெள்ளைக் குமிழை வெட்டி எறிந்துவிடணும், ஃபிரக்டான் அங்கேதான் குவிந்திருக்கும். பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் படித்தபோதுதான் அதில் மைதா இருப்பதே தெரிந்தது. ஒரு சிட்டிகைக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் சோதனைக் காலத்தில் சந்தேகம் வேண்டாம் என்று கட்டியாக வாங்கிப் பார்த்தோம், அதிலும் மாவு கலந்திருந்தது, சரி விடு என்று விட்டுவிட்டோம்.

நாலாவது வாரம் நோட்டில் பெரும்பாலும் 1, 2. பூஜ்யம் ஆகவில்லை, டீயில் இருக்கிற கஃபீனும் மிளகாயின் காரமும் தங்கள் பங்குக்கு இருக்கின்றன, அதற்கும் ஃபாட்மேப்புக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து திரும்பக் கொண்டுவருகிற கட்டம். மூன்று நாள் அளவைக் கூட்டிக் கூட்டிச் சாப்பிடுவது, அப்புறம் இரண்டு மூன்று நாள் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு அடுத்த பொருள். அதுவரை மற்றதெல்லாம் நிறுத்தியபடியே. உரித்த சின்ன வெங்காயம் ஒன்று சராசரி 6, 7 கிராம் வந்தது. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"திங்கள். சி.வெ. 1, வதக்கி, காலை 8.15. நாள் முழுக்க 1. செவ்வாய். சி.வெ. 3, காலை 8. மதியம் 1.30 வயிற்றில் கடமுட. 3.40 வலி 5. பாத்ரூம் இரண்டு தடவை. புதன்: நிறுத்தியாச்சு."

பூண்டு ஒரு பல்லுக்கே 6 வந்தது. கோதுமை சப்பாத்தி ஒன்று பரவாயில்லை, மூன்று முடியாது. காலிஃப்ளவரைச் சோதிக்க ஆரம்பத்தில் தள்ளுவண்டியில் காலிஃப்ளவர் சில்லி வாங்கிவந்தேன், அதைவிட முட்டாள்தனம் கிடையாது: பூண்டு விழுது, மைதா, மிளகாய்த்தூள், நாலு தடவை கொதித்த எண்ணெய், இதில் எது கடித்தது என்று எப்படிச் சொல்வது. திரும்ப வெறும் உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டேன். மூன்று பூ வரை சரி. காலிஃப்ளவரிலும் காளானிலும் இருப்பது சார்பிட்டால் இனத்தைச் சேர்ந்த மானிட்டால், அது எனக்குப் பெரிய எதிரி இல்லை என்று தெரிந்ததும் காளானும் கொஞ்சம் திரும்ப வந்தது. துவரம்பருப்பை நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் ஒரு கரண்டி தாங்குகிறது. அந்தக் காலக்டானும் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும். மொச்சை அறவே இல்லை. தை மாதத்தில் ஊரெல்லாம் மொச்சைக் குழம்பு மணக்கிறபோது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் என் மனைவி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "வெங்காயம்னு தெரிஞ்சு சாப்பிடறதாலதான் உங்களுக்கு வலிக்குதோ என்னமோங்க." நியாயமான கேள்வி, எனக்கே வெங்காயத்தைப் பார்த்தால் வயிறு இறுக ஆரம்பித்திருந்தது. அதனால் ஆறு நாள் ஒரு பந்தயம். தினமும் தேங்காய் அரைத்த புளிக்குழம்பு, அதில் மூன்று நாள் மட்டும் என் பங்கில் மூன்று சின்ன வெங்காயம் சேரும்படி மசாலாவோடு மைய அரைத்துவிடுவார், எந்த நாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒளித்து வைப்பார். பூண்டெண்ணெய் வாசத்தில் வித்தியாசம் தெரியவே இல்லை. ஆறாம் நாள் தாளைத் திருப்பினோம். வெங்காயம் போட்ட மூன்று நாளில் இரண்டில் வலி, ஒன்றில் சுத்தமாக இல்லை. போடாத ஒரு நாளில் 5. அந்த நாள் எது என்று பார்த்தேன், டெலிவரி தாமதம் என்று ஒரு கஸ்டமர் கடை வாசலில் நின்று அரை மணி நேரம் கத்திவிட்டுப் போன நாள்.

ஆக வெங்காயம் குற்றவாளிதான், ஆனால் எல்லாக் கேஸும் அவன் செய்ததில்லை. அந்தத் தாளை நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் சாம்பாரில் ஒரு வெங்காயத் துண்டைக் கண்டால் எழுந்து ஓடுவதில்லை.

கடைசியாக அரிசிம்பருப்பு, அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கிற சாதம். கொங்கு நாட்டுக்காரனுக்கு இதை நிறுத்தச் சொல்வது பெரிய தண்டனை, ஆனால் அது என் எதிரிகள் எல்லாம் ஒரே குக்கரில் கூடுகிற இடம்: ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, துவரம்பருப்பு. இப்போது செய்வது இப்படி. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்கும் குறைவாகப் பருப்பு, பருப்பை ராத்திரியே ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டியாச்சு. வடிகட்டிய பூண்டெண்ணெயில் கடுகு, சீரகம், கொஞ்சம் கூடுதலாக மிளகு, வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. வெங்காயத்தாள் ஒரு கட்டின் பச்சைப் பகுதியைப் பொடியாக அரிந்து வதக்கி, தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், அரிசி, பருப்பு, தண்ணீர், மூன்று விசில். இறக்கியதும் மேலே ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "ருசியாத்தான் இருக்குது, ஆனா வேற என்னமாச்சும் பேர் வெச்சுக்கோ" என்றார். போன மாதத்திலிருந்து குடும்பம் முழுக்கச் சாப்பிடுகிற குக்கருக்கு நாலு சின்ன வெங்காயம் போடுகிறோம், என் பங்குக்கு ஒன்றுதான் வரும், அது தாங்குகிறது. அம்மாவும் பழைய பெயருக்கு ஒத்துக்கொண்டார்.

வாழைக்காய்ப் பொரியல் வாரம் ஒருமுறை நடக்கிறது. அடுத்த சோதனை பீட்ரூட், அதிலும் ஃபிரக்டான் உண்டு. திங்கட்கிழமை 20 கிராமில் ஆரம்பிக்கிறேன், தராசை ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து எடுத்து வரணும்.